பெரம்பலூரில் இரண்டு நாள் வகுப்பு, அரியலூரில் ஒரு மத்தியானம்

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் குடியை விட்டவன், ஊர் சுற்றுகிறவன். முதலாவது நடந்ததால்தான் இரண்டாவது தொடங்கியது. குடியை விட்டதும் குடித்த நண்பர்களையும் விட வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்த பிறகு யாரோடு என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் ஏற ஆரம்பித்தேன். ஆகையால் இங்கே கோயில் வரலாறு குறைவாகவும், எந்த லாட்ஜில் பார் கிடையாது, எந்தத் தெரு வழியாகப் போனால் மதுக்கடையைத் தாண்டாமல் டிபன் சாப்பிடலாம் என்பது அதிகமாகவும் இருக்கும். என்னைப் போலத் தனியாகக் கிளம்புகிறவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

போன ஆடியில் போய்வந்தது இது. ஊர் பார்க்க அல்ல, வேலையாக. மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ‘மீட்புத் துணை’யாக இருப்பதற்கு ஆட்களைப் பழக்குகிற வேலை. குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்தவர், மாத்திரையை அளவு மீறிப் போட்டவர், குடியைத் திடீரென்று நிறுத்தியதால் வலிப்பு வந்தவர் என்று எல்லோரும் முதலில் வந்து சேரும் இடம் அதுதான். டாக்டர் உயிரைக் காப்பாற்றிவிடுவார். காயத்துக்குத் தையல் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியும் விடுவார்கள். அந்த இடைவெளியில், படுத்திருப்பவர் பக்கத்தில் போய், “நானும் இப்படிப் படுத்திருந்தவன்தான்” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர் விரும்பினால் போதை மீட்புச் சிகிச்சைப் பிரிவு வரை கூடவே நடந்துபோக வேண்டும். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. அதே குழியில் விழுந்து எழுந்தவர். அவ்வளவுதான் தகுதி. மற்றதை வகுப்பில் கற்றுக்கொள்ளலாம்.

திண்டுக்கல்லிலிருந்து காலையில் கிளம்பினேன். திருச்சி சுமார் நூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம் ஆனது. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கவே வேண்டாம், சென்னைப் பக்கம் போகிற எல்லாமே அந்த வழிதான். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். நான் ஏறிய வண்டியின் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே கேட்டார்.

“பைபாஸ்ல எறங்கிக்கிறீங்களா சார், டவுனுக்குள்ள போவணுமா?”

டவுனுக்குள் என்றேன். அப்படியானால் அடுத்த வண்டியில் வாருங்கள், இது உள்ளே போகாது என்று இறக்கிவிட்டார். நல்ல மனுஷர். சொல்லாமல் விட்டிருந்தால் பெட்டியோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்திருப்பேன்.

அடுத்த வண்டி முழுக்க மஞ்சள் புடவை. ஆடி வெள்ளி என்பது எனக்கு நினைவில்லை. நிற்க இடமில்லாமல் வந்த பஸ் சமயபுரத்தில் காலியானது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வேப்பிலைக் கட்டோடு, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினார்கள். அதன் பிறகு பெரம்பலூர் வரை என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. இத்தனை வருஷப் பயணத்தில் இது பழகியிருக்க வேண்டும். ஜன்னல் வழியாக, உழுது போட்ட சோளக்காட்டில் ஆடிக் காற்று மண்ணை வாரிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெரம்பலூரில் பாலக்கரைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் வகுப்பு. நான்கு ஆண்கள், ஒரு பெண். ஆண்களில் ரஹ்மான் பாயை மட்டும் சொல்கிறேன். லெப்பைக்குடிக்காட்டுக்காரர், மஸ்கட்டில் லாரி ஓட்டியவர். அங்கே முதுகுவலிக்கு ஆரம்பித்த மாத்திரை பிறகு அவரையே ஓட்டியது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது இரண்டு வேளை மாத்திரைக்குப் பதில் ஐந்து வேளைத் தொழுகை என்றார். வகுப்பைக் கலகலப்பாக வைத்திருந்தது அவர்தான்.

அந்தப் பெண்ணை மலர்க்கொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன்சுருட்டிப் பக்கம், வயது நாற்பதுக்குள். மற்ற நாற்காலிகளை விட்டுத் தள்ளி, கதவோரமாக ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டபோது டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டார். கூப்பிட்டால் கூச்சப்படுவார் என்று நானும் கூப்பிடவில்லை.

முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை அவருக்கு. கொட்டையின் பால் பட்டால் கை வெந்துபோகும். அந்த எரிச்சலுக்கு என்று கணவர் மிச்சம் வைத்ததை ஒருநாள் குடித்தது, பிறகு தானே கணவரிடம் வாங்கிவரச் சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. கணவர் திருப்பூரில் வேலைக்குப் போன பிறகும் நிற்கவில்லை. விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஊருக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரியில் கிடந்ததை மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறார். தெரிந்தவர்கள் கணவரும் ஒரே மகளும் மட்டும். ஆண் குடித்தால் குடிகாரன் என்று ஒரு பேரோடு போய்விடும், பொம்பளைக்கு அதோடு போகாது என்று வகுப்பில் சொன்னபோது ரஹ்மான் பாய்கூடச் சிரிக்கவில்லை.

முதல் நாள் பாடம் ‘வேண்டாம்’ என்பதைக் கேட்டுக்கொள்வது. ஒருவர் நோயாளியாகப் படுக்க வேண்டும், இன்னொருவர் துணையாகப் போய்ப் பேச வேண்டும், படுத்திருப்பவர் துரத்த வேண்டும். துரத்தினால் கோபப்படக்கூடாது, கெஞ்சக்கூடாது, பிள்ளைகளைச் சொல்லிப் பயமுறுத்தக்கூடாது. ஆண்கள் நால்வரும் தடுமாறினார்கள். ஒருவர் உபதேசம் செய்தார், ஒருவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மலர்க்கொடி மட்டும் சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து வந்தார். எப்படி இவ்வளவு சுலபமாக முடிந்தது என்று கேட்டேன்.

“வேணாம்னு சொல்றதக் கேக்கறது எனக்குப் பழக்கந்தான சார். எங்க வூட்டுப் புள்ளயே அப்பிடித்தான் சொல்லும்.”

பெரம்பலூரில் தங்கியது பழைய பேருந்து நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில். ஒற்றைப் படுக்கை அறை ஏழுநூறு ரூபாய். கீழே பார் இல்லை. சாயங்காலம் அறைக்கு வந்தால் நான்கு சுவரும் மின்விசிறியும்தான். பகல் முழுக்க மனிதர்களோடு எப்படிப் பேசுவது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தியதும் போனில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போவேன். பழைய நண்பர்களின் எண்களை இன்னும் அழிக்கவில்லை. கூப்பிடுவதும் இல்லை.

மூன்றாம் நாள் அரியலூர். முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வரிசையாகப் போகும், பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டும். ஜன்னலோர இருக்கை வேண்டாம். இறங்கும்போது சட்டைக் காலர் வெளுத்திருக்கும்.

அங்கே ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஐந்து பேரையும் நிற்க வைத்துப் பழக்கி, பிறகு கிழமை வைத்து முறை போடுவதாக ஏற்பாடு. எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. ஸ்ட்ரெச்சர் வரும் வழியில் நிற்காமல் இருப்பது, நர்ஸ் அனுமதித்த பிறகே படுக்கைக்குப் போவது, கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது என்று காலை முழுக்க சின்னச் சின்ன விஷயங்கள். ரஹ்மான் பாய் ஒரு லாரி டிரைவரோடு பேசி, அவரைச் சிகிச்சைப் பிரிவுக்கே கூட்டிப்போய்விட்டார். மற்ற மூவரையும் டாக்டர் மேல்மாடி வார்டுக்கு அழைத்துப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆம்புலன்ஸில் ஒரு பெண் வந்தார். அவர் வயதையோ அடையாளத்தையோ சொல்லமாட்டேன். வழுக்கி விழுந்து கை கிழிந்திருந்தது. வாடை எல்லோருக்கும் தெரிந்தது. கணவர் மட்டும் தலைசுற்றல், தலைசுற்றல் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் தையல் போட்டு முடித்தார். நர்ஸ் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நான் இரண்டடி வைத்ததும் அந்தப் பெண் புடவைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஆண்பிள்ளை போய்ப் பிரயோஜனம் இல்லை என்று புரிந்தது. மலர்க்கொடியைப் பார்த்தேன்.

அவர் நகரவில்லை. சீட்டு போடும் இடத்தில் கணவர் ஊர்ப் பெயரைச் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்திருந்தது. என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு, அந்த ஊரில்தான் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறது, ஆவணியில் நிச்சயம் என்று மெதுவாகச் சொன்னார். கூட வந்து கட்டிலின் தலைமாட்டில் நிற்கும் அந்தப் பெண்ணின் நாத்தனாரை மாப்பிள்ளை வீட்டாரோடு பார்த்திருக்கிறார். பெண் பார்க்க வந்தவர்களில் அந்த அம்மாவும் ஒருவர்.

நீங்கள் போக வேண்டியதில்லை என்றேன். யோசிக்காமல் சொன்னேன், இப்போதும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். யாரையும் அம்பலப்படுத்திக்கொள்ளச் சொல்லி நாங்கள் பழக்குவதில்லை. அவர் கட்டிலையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“நான் போவாட்டி என்ன சார் ஆவும்?”

“ஒண்ணும் ஆகாதும்மா. ட்ரிப் முடிஞ்சதும் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“என்னையும் அப்பிடித்தான் அனுப்புனாங்க. மூணு தடவ.”

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். நாத்தனார் அவரைக் கண்டதும் ஆச்சரியமாக, என்ன இங்கே, உடம்புக்கு என்ன என்று விசாரித்தது எனக்குக் கேட்டது. நான் இங்கே வேலையாக வந்திருக்கிறேன், கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்று மலர்க்கொடி கேட்டார். நாத்தனார் இரண்டடி தள்ளிப் போனாரே தவிர வெளியே போகவில்லை. நர்ஸ் திரையை இழுத்துவிட்டார். துணித் திரை, காற்றுக்கு விலகும்.

மலர்க்கொடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நானும் குடிச்சவதாம்மா. வுட்டு மூணு வருசம் ஆவுது.”

குரலை அவர் தணிக்கவில்லை. தணித்திருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்காது. மூடிய தலைப்புக்குள்ளிருந்து போய்விடு என்று பதில் வந்தது. சரி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமா என்றார் மலர்க்கொடி. ஸ்டூலை விட்டு எழவில்லை. ட்ரிப் பாதி இறங்கியிருக்கும். பிறகு அந்தப் பெண் தலைப்பை விலக்கி, முதல் தடவையாக மலர்க்கொடியின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தூக்கம் வருமாக்கா?”

“மொத மாசம் வராதும்மா. அப்பறம் வரும். நல்லா வரும்.”

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டார். சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். மலர்க்கொடி, எந்தக் கிழமைகளில் இங்கே இருப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார். சாயங்காலம் கணவர் தோளைப் பிடித்து அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார். நாத்தனார் எங்களைத் தாண்டும்போது மலர்க்கொடியைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் போனதே எங்களுக்குப் போதுமான பதில்.

வெளியே டீ வாங்கிக் கொடுத்தேன். தைரியமாகச் செய்தீர்கள் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அந்த வார்த்தையால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. இன்றைக்கு இங்கே நடந்ததை மகளிடம் முந்திக்கொண்டு நாமே சொல்லிவிடுவது நல்லது, வேண்டுமானால் நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் சார், வூட்டுக்கு ஆம்பளையக் கூட்டிட்டுப் போனா அதுக்கும் ஒண்ணு சொல்லுவாங்க என்றார். ஜெயங்கொண்டம் பஸ் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறினார். உள்ளே போய்த் திரும்பிப் பார்க்க இடமில்லை.

அன்றைக்கு அறைக்குப் போகப் பிடிக்கவில்லை. அரியலூர் ரயில் நிலையத்தில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். தனியாக உட்கார்ந்திருப்பவனை ஏன் என்று யாரும் கேட்காத இடம் ரயில் நிலையம்தான். எல்லோரும் யாருக்காகவோ காத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். சென்னைப் பக்கம் போகிற வண்டி ஒன்று வந்து நின்று போனது. ஏழு வருஷம் ஆகிறது நான் விட்டு. அந்த மாதிரிச் சாயங்காலங்களில் இப்போதும் நாக்கு வறளும். ரஹ்மான் பாய் நினைவு வந்து அவரைக் கூப்பிட்டேன். என்ன சார் என்றார். சும்மாதான் பாய் என்றேன். சும்மாக் கூப்பிட்டதே சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, தான் கூட்டிப்போன லாரி டிரைவர் சிகிச்சைப் பிரிவில் சாப்பாடு சரியில்லை என்று சண்டை போட்ட கதையைச் சொன்னார். கால் மணி நேரம் பேசியிருப்போம். பிறகு அறைக்குப் போனேன்.

ஆடி முடிவதற்குள் மலர்க்கொடியிடமிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பொருந்திய ஜாதகம்தான். மகள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, பேசுவதையே நிறுத்திவிட்டாள். சோறு போட்டால் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள், அவ்வளவுதான். இனி மருத்துவமனைக்குப் போக வேண்டாம், கொஞ்ச நாள் விடுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார். அந்த வாரமும் அவர் போனதாக நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது.

இனி, போகிறவர்களுக்கு. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலில் வருகிறவர்கள் அரியலூரில் இறங்கி பஸ் பிடிப்பதே வசதி. இரண்டு ஊரிலும் லாட்ஜ் எடுக்குமுன் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள். அரியலூர் அறைக்கு எண்ணூறு ரூபாய் கொடுத்தேன், பின்பக்க அறையாகக் கேளுங்கள், முன்பக்கம் லாரிச் சத்தம். ஆடிக் காற்றுக்கு முகத்தில் கட்ட ஒரு துண்டு வேண்டும். சாயங்காலத்துக்கு ஏதாவது வைத்துக்கொண்டு போங்கள், பேச ஓர் ஆளின் எண்ணாவது.

குடியை விட்டவர்கள் பலர் இந்த வேலைக்கு வரலாமா என்று எழுதிக் கேட்கிறீர்கள். வரலாம். ஆனால் விட்டுக் கொஞ்சக் காலமாவது ஆகியிருக்க வேண்டும். அவசரப் பிரிவின் வாடையும் அழுகையும் நம்மையே திரும்ப இழுக்கும். உங்கள் பக்கத்து ஊர் ஆட்கள் அங்கே வருவார்கள் என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். இனி நானும் இதை வகுப்பின் முதல் மணியிலேயே சொல்லப்போகிறேன். இன்னும் குடித்துக்கொண்டிருப்பவர்கள் இதை வாசித்தால் ஒன்று. வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு, ஒரே நாளில் தானாக நிறுத்தினால் தாங்காது. டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

இதை வெளியிடலாமா என்று கேட்க மலர்க்கொடியைக் கூப்பிட்டேன். பேரை மாற்றுங்கள், மகளுக்காக, ஊரை மாற்ற வேண்டாம், அதுதான் தெரிந்துவிட்டதே என்றார். அந்தப் பெண் போன வாரம் மறுபடி வந்திருக்கிறார். மறுபடி குடித்து, மறுபடி விழுந்து. ஆனால் ஸ்ட்ரெச்சரில் இருந்தபடியே அந்த அக்கா இருக்கிறதா என்று கேட்டாராம். அன்று மலர்க்கொடியின் முறை இல்லை. நர்ஸ் போன் செய்ததும் முந்திரிக் கொட்டையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். இந்த முறை அந்தப் பெண் சிகிச்சைப் பிரிவில் சேர்ந்திருக்கிறார். எத்தனை நாள் இருப்பார் என்று எனக்குத் தெரியாது, மலர்க்கொடிக்கும் தெரியாது.

அவசரத்துக்கு எப்படிப் போனீர்கள், அந்த நேரத்தில் உங்கள் ஊரில் பஸ் கிடையாதே என்று கேட்டேன்.

“எம் மவதான் சார் ஸ்கூட்டில கொண்டாந்து ரோட்டுல வுட்டுச்சு. ஒண்ணும் பேசல. பஸ்ஸு வர்ற வரைக்கும் நின்னுச்சு.”